எம்.ஐ.ஏ.யின் அண்மைக்காலப் பாடல்கள்: யாரோடு பாடுகிறார், எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

எம்.ஐ.ஏ. என்ற பெயர் எங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் வரும்போதெல்லாம் இரண்டு வகைப் பதிவுகளையே நான் அதிகம் பார்க்கிறேன். ஒன்று, “எங்கட பிள்ளை” என்ற பெருமை. மற்றது, “இவ இப்ப என்ன கதைக்கிறா?” என்ற சலிப்பு. அவருடைய அண்மைக்காலப் பாடல்களைப் பற்றிய பேச்சு அபூர்வம்.

மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் தாயுடனும் உடன்பிறப்புகளுடனும் லண்டனுக்கு அகதியாகச் சென்றவர். தந்தை, ஈரோஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அருளர். 2005 இலும் 2007 இலும் வெளிவந்த முதல் இரண்டு இசைத்தொகுப்புகளுக்கு முறையே தந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் வைத்தார்.

2009 பெப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக, ஜே-சீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகியோருடன் கிராமி மேடையில் பாடினார். வன்னியில் சனம் ஒடுங்கிய நிலத்துக்குள் செல்வீச்சின் நடுவே இருந்த நாட்கள் அவை. அதே காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, அங்கு நடப்பது இனப்படுகொலை என்றார். அன்றிலிருந்து எங்களில் பலர் அவரைப் பாடகியாக மட்டுமல்லாமல் எங்கள் பிரதிநிதியாகவும் பார்க்கத் தொடங்கினோம். அந்தப் பொறுப்பை யாரும் அவரிடம் கேட்டுக் கொடுக்கவில்லை.

இனி அண்மைக்காலத்துக்கு வருவோம். 2016 இல் ஐந்தாவது இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, அதுவே கடைசியாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். 2020 இல் டிராவிஸ் ஸ்கொட், யங் தக் ஆகியோருடன் ‘பிரான்சைஸ்’ பாடலில் இணைந்தார். பில்போர்ட்டின் முதல் 100 பாடல்கள் வரிசையில் அது நேரே முதலாம் இடத்தில் நுழைந்தது. அவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. வீசாவையும் குடியேறிகள் மீதான பயத்தையும் கிண்டல் செய்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008 இல் நான்காம் இடம் வரைதான் போனது.

றப் இசையில் ஒருவரின் பாடலில் இன்னொருவர் ஒரு பகுதியை மட்டும் பாடுவது வழக்கம். விருந்தாளிக்குப் புதிய இரசிகர்கள் கிடைப்பார்கள், பாடலின் பொருளை வீட்டுக்காரரே தீர்மானிப்பார். ‘பிரான்சைஸ்’ அப்படியானது. உயரம் பெரிது, ஆனால் எங்கள் கதைக்கு அதில் இடமில்லை.

2022 ஒக்ரோபரில் வந்த ‘மாதா’ தொகுப்பில் வீட்டுக்காரர் அவரே. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘புத்தி’ என்ற பாடல். தலைப்பே தமிழ்ச் சொல். கூடப் பாடுபவர், ரொறன்ரோவில் இயங்கும் ஈழத்தமிழ்ச் சொல்லிசைப் பெண் கலைஞர் நவ்ஸ்-47. உலகம் அறிந்த ஒருவர், தன் சமூகத்தின் இளைய பெண் ஒருவரைத் தன் தொகுப்புக்குள் அழைத்திருக்கிறார். முதலாம் இடத்தைவிட இந்த அழைப்பு எங்களுக்குப் பெரிது என்பது என் கருத்து. 2023 நத்தாருக்கு ‘பெல்ஸ் கலெக்சன்’ என்ற தொகுப்பை இலவசமாக வெளியிட்டார்.

சலிப்புக்கும் காரணங்கள் உண்டு. 2020 இல் தடுப்பூசிக்கு எதிராக எழுதினார். 2024 இல், அலைபேசிக் கதிர்வீச்சிலிருந்து காப்பதாகச் சொல்லி ஆடைகளை விற்பனைக்கு விட்டார். இவற்றை விமர்சிக்கத் தயங்க வேண்டியதில்லை. தடுப்பூசி பற்றி அவர் சொன்னது பிழை என்பதால் 2009 இல் சொன்னதும் பிழையாகிவிடாது. 2009 இல் பேசினார் என்பதற்காக இன்று சொல்வதையெல்லாம் ஏற்கவும் தேவையில்லை.

ஒரே ஒரு பாடகியின் தலையில் முழுச் சனத்தின் குரலையும் ஏற்றி வைத்ததால்தான் அவர் தடுமாறும்போது நாங்களும் வெட்கப்படுகிறோம். யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இன்று சொந்தப் பேச்சுத் தமிழில் சொல்லிசை செய்யும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ‘புத்தி’யைக் கேட்டுவிட்டு அவர்களின் பாடல்களையும் தேடிக் கேளுங்கள்.