உங்களுக்குத் தெரியுமா?

அரபு நாடுகளின் மக்கள் எழுச்சியான அரபு வசந்தத்தின் முதல் தேர்தல் நடந்த நாடு துனீசியா. சிதி பூசித் ஊரில் பழம் விற்ற இளைஞர் முகமது புவாசிசி, தள்ளுவண்டிச் சரக்கை அதிகாரிகள் பறித்ததால் மனமுடைந்து, 2010 டிசம்பர் 17 அன்று தீக்குளித்தார். அதைக் கண்டு மக்கள் போராட்டம் வெடித்தது. நான்கே வாரங்கள். 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட அதிபர் பென் அலி நாட்டை விட்டே ஓடிவிட்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று, புதிய அரசியலமைப்பை எழுதவேண்டிய 217 பேரைத் தேர்ந்தெடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இடம்பெற வேண்டும் என்றது சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் கட்சிகள் முதல் பெயராகப் பெரும்பாலும் ஆணையே போட்டன. பல இடங்கள் கொண்ட ஒரு தொகுதியில் பல கட்சிகளுக்குக் கிடைத்ததோ தலா ஒரே இடம்; இரண்டாவதாக இருந்த பெண் வெளியே நின்றார். 89 இடங்களை வென்ற என்னஹ்தா கட்சிக்கு மட்டும் பல தொகுதிகளில் இரண்டாவது பெயரும் தேறியது. விளைவு: அவைக்குள் வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் அந்த இஸ்லாமியவாதக் கட்சியினர். மதச்சார்பற்ற கட்சிகள் இதை எதிர்பார்த்திருக்குமா என்ன?

புரட்சி பிறந்த சிதி பூசித்திலோ என்னஹ்தா முதலிடம் பெறவில்லை. லண்டனில் தொலைக்காட்சி நடத்திய உள்ளூர்க்காரர் ஹஷ்மி ஹம்தியின் ‘மக்கள் மனு’ பட்டியலுக்கே அங்கு வாக்குகள் குவிந்தன.