சாயம், மஞ்சள், குழந்தையின் குடல்... தெரியுமா?

குமாரபாளையம் சாயப்பட்டறைத் தொட்டிக்கும் குடல் அழற்சி மாத்திரைக்கும் சொந்தம் உண்டு, தெரியுமா? உலகின் சாயங்களில் பாதிக்கு மேல் 'அசோ' வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வகை அது. சல்ஃபாசலசைன் மாத்திரையிலும் அதே கைகோப்புதான்! பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்டிவிட, மருந்து புண்ணின் மேலேயே இறங்கும்! சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். முதல் நாள் பார்க்கும் அம்மாவுக்குப் பகீரென்றிருக்கும். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம்!

இந்த மருந்தை உருவாக்கிய ஸ்வீடன் டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் குறிவைத்தது எதை? மூட்டு நோயை!

குழந்தையின் பெருங்குடல் புண்ணுக்கு மார்க் போடுவார்கள், தெரியுமா? மொத்தம் 85. இதில் மார்க் குறைந்தால்தான் பாஸ்! ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம், ஆறே கேள்விகள். "ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு வெளிய போனியா கண்ணு?" ஆமாம் என்றால் 10 மார்க் ஏறிவிடும்! புது மருந்து பலித்ததா என்பதைப் பல ஆய்வுகள் இந்த மார்க்கை வைத்தே பார்க்கின்றன.

குமாரபாளையத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் பவானி, அப்புறம் ஈரோட்டு மஞ்சள் மண்டி. அந்த மஞ்சளின் குர்குமினைக் குடல் அழற்சி உள்ள பிள்ளைகளிடமும் சோதித்தார்கள், தெரியுமா? 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு அது. பிள்ளைகள் 11 பேர்தான்! அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். உடம்பு தாங்கியது, 3 பேருக்கு மார்க் இறங்கியது. பெரியவர்களிடம்? 2015 ஆய்வில், வழக்கமான மருந்தோடு தினம் 3 கிராம் குர்குமின் சாப்பிட்ட 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை! ஆனால் டெல்லி எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலிக்கவில்லை. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சள் டப்பாவை எடுத்துவிடாதீர்கள்!

இட்லி இல்லை, தோசை இல்லை, முறுக்கும் இல்லை. 6 முதல் 8 வாரம் சத்துத் திரவம் மட்டும்! க்ரோன் என்ற குடல் அழற்சி நோய் வந்த குழந்தைக்கு அதுவே முதல் சிகிச்சை, தெரியுமா? ஸ்டீராய்டு அளவுக்கு நோயை அடக்கும், வளர்த்தியையும் கெடுக்காது!

க்ரோன் நோய்க்குப் போடும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியில் எலிப் புரதம் கலந்திருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 1998-ல் அனுமதி. குழந்தைகளுக்கு? 2006-ல்! எட்டு வருடம் காத்திருந்தார்கள் அந்தப் பிஞ்சுகள்! 112 பிள்ளைகளிடம் சோதித்ததில், பத்தாவது வாரத்தில் 88 சதவீதம் பேருக்குப் பலன்! நம் ஊரில் ஒரு கண்டமும் உண்டு: குடல் காசநோய் அச்சு அசலாக க்ரோன் மாதிரியே இருக்கும். உள்ளே தூங்கும் காசநோயை இந்த ஊசி எழுப்பிவிடலாம். அதனால் முதலில் காசநோய்ப் பரிசோதனை!

அமெரிக்காவில் ஒரு சிறுவன். குடலுக்காக 100-க்கும் மேற்பட்ட அறுவை! கடைசியில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். ஒரே ஓர் எழுத்துப் பிழை! 2010-ல் தொப்புள்கொடி ரத்தம் ஏற்றினார்கள். ஆறு வாரம் கழிந்தது. பையன் வாயால் சாப்பிட்டான்!