அயல் நிரல்களை ஏற்கும் கருநிரல்: ‘இன்டர்பிரிட்டர்’ என்னும் கலைச்சொல் குறித்து

கணினிப் பாடநூல்களில் ‘இன்டர்பிரிட்டர்’ என்பதற்கு ‘வரிமொழிமாற்றி’ என்னும் சொல் வழங்குகிறது. உயர்நிலை மொழி ஒன்றில் எழுதப்பட்ட நிரலை வரிவரியாகப் படித்து நிறைவேற்றுவதற்கு அச்சொல் பொருத்தமானதே. ஆனால் லினக்ஸ் இயக்க முறைமையின் ஆவணங்களில் அதே ஆங்கிலச் சொல் வேறொரு பொருளிலும் ஆளப்படுகிறது. அவ்விடங்களிலும் ‘வரிமொழிமாற்றி’ என்றே பெயர்த்தால் தொடர் இலக்கணப்படி அமையும், செய்தியோ பிழைபடும். இப்பிழையின் தன்மையை உணர, அயல் வடிவ நிரற்கோப்பு ஒன்றை லினக்ஸ் எவ்வாறு ஏற்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு கோப்பை இயக்குமாறு பயனர் ஆணையிட்டதும், கெர்னல் எனப்படும் கருநிரல் அக்கோப்பின் தொடக்கப் பகுதியை மட்டும் படிக்கிறது. 128 பைட்டாக இருந்த இவ்வளவு 2019இல் 256 பைட்டாக உயர்த்தப்பட்டது. லினக்ஸின் சொந்த வடிவமான எல்ஃப் கோப்புகள் 127, 69, 76, 70 என்னும் நான்கு எண்களோடு தொடங்கும். இவற்றுள் பின்மூன்றும் அப்பெயரின் ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்கள். எண்குறியும் வியப்புக்குறியும் அடுத்தடுத்து முதலில் நின்றால், அவ்வரியில் பெயர் சுட்டப்பட்ட நிரலிடம் கோப்பு ஒப்படைக்கப்படும். யூனிக்ஸில் இம்முறையை 1980இல் முன்மொழிந்தவர் டென்னிஸ் ரிட்சி. தான் அறிந்த எவ்வடிவத்தோடும் கோப்பு ஒவ்வாதபோது கருநிரல் பிழை அறிவித்து அதைத் திருப்பிவிடுகிறது.

முற்காலத்தில் புதிய வடிவம் ஒவ்வொன்றுக்கும் கருநிரலுக்குள் தனிப்பகுதி எழுத வேண்டியிருந்தது. ஜாவாவுக்கென ஒன்றும், ஆல்ஃபா செயலியில் இன்டெல் நிரல்களை இயக்குவதற்கென ஒன்றும் இருந்தன. ரிச்சர்டு குந்தர் 1997இல் எழுதிய ‘பின்ஃபிமட் மிஸ்க்’ என்னும் பகுதி இந்நிலையை மாற்றியது. எவ்வடிவத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் கருநிரலைத் திருத்தாமலேயே பயனர் பதிவு செய்யலாம் என்றாயிற்று. ஜாவாவுக்கான தனிப்பகுதி பின்னர் நீக்கப்பட்டது.

அமைக்கும் முறை எளிது. கருநிரலைத் தொகுக்கும்போது இயங்கு கோப்பு வடிவங்களுக்குரிய பிரிவில் இப்பகுதியைத் தேர்ந்து, உள்ளிணைந்ததாகவோ தேவைப்படும்போது ஏற்றும் கூறாகவோ அமைக்கலாம். பின்னர் இதற்குரிய சிறப்புக் கோப்பு முறைமையை இணைத்து, அதிலுள்ள ‘ரெஜிஸ்டர்’ என்னும் கோப்பில் ஒரு வரி எழுதினால் பதிவு முடிகிறது. அவ்வரியில் ஏழு புலங்கள் உண்டு: பெயர், வகை, இடம், அடையாள எண், மறைப்பு, ‘இன்டர்பிரிட்டர்’, கொடிகள். பதிவான பெயருக்குரிய கோப்பில் 0 எழுதினால் அப்பதிவு ஓயும். 1 எழுதினால் மீளும். -1 எழுதினால் நீங்கும். கோப்புப் பெயரின் ஈற்றை வைத்து அடையாளம் காணும் வகையும் உண்டு. பெயரை மாற்றினால் பொய்த்துவிடும் வகை அது.

மொழியியலாருக்கு மிகவும் பழக்கமான கருத்து ஒன்று மறைப்புப் புலத்தில் இருக்கிறது. இன்டெல் வகைச் செயலியில் 64 பிட்டு ஆர்ம் நிரல்களை இயக்குவதற்காகக் கியூஎமு பதிவு செய்யப்படுகிறது எனக் கொள்வோம். இருவகை நிரல்களும் எல்ஃப் கோப்புகளே. முதல் நான்கு எண்களால் வேறுபாடு தெரியாது. சுழியிலிருந்து எண்ணினால் 18ஆம் பைட்டில் ஆர்முக்கு 183, இன்டெல் வகைக்கு 62 என வருகிறது. பொருளை வேறுபடுத்தும் இடம் இதுவே. 16ஆம் பைட்டிலோ 2 அல்லது 3 வரலாம். நிலையான முகவரியில் அமைவதா, எம்முகவரியிலும் அமையக்கூடியதா என்பதை அது குறிக்கிறது. யாரிடம் ஒப்படைப்பது என்னும் வினாவுக்கு அவ்வேறுபாடு தேவையற்றது. எனவே அவ்விடத்து மறைப்பில் 254 எழுதப்படுகிறது. கடைசிப் பிட்டு கணக்கில் கொள்ளப்படாமையால் 2, 3 இரண்டும் ஒன்றாகவே ஏற்கப்படும். பொருள் வேறுபடுத்தும் ஒலியையும் அவ்வாறு வேறுபடுத்தாத மாற்றொலியையும் பிரித்தறியும் முறையோடு இதனை ஒப்பிடலாம்.

ஒப்புருச் சொற்களின் சிக்கலும் இங்கு உண்டு. விண்டோஸ் நிரற்கோப்புகள் 77, 90 என்னும் எண்களோடு தொடங்குகின்றன. டாஸ் காலத்து வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகளின் குறியெண்கள் அவை. டாட்நெட் நிரல்களும் அதே எண்களோடுதான் தொடங்குகின்றன. முன்னதை வைனிடமும் பின்னதை மோனோவிடமும் ஒப்படைக்க வேண்டும். வேறுபடுத்தும் செய்தி கோப்பின் உள்ளே இருக்கிறது. அது இருக்குமிடத்தை அறிய 60ஆம் பைட்டில் உள்ள எண்ணைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். கருநிரலோ குறித்த இடத்தை மட்டுமே பார்க்கும், சுட்டைப் பின்தொடராது. இரண்டும் பதிவாகியிருந்தால் பின்னர்ப் பதிவானதே முதலில் ஒப்பிடப்பட்டு வென்றுவிடும். டெபியன் வெளியீட்டில் இதற்கெனக் கோப்பின் உள்ளே சென்று ஆராயும் துணைநிரலை இடையில் அமைக்க வழி செய்துள்ளனர்.

ஆகவே கருநிரல் எதையும் பெயர்ப்பதில்லை. அடையாளம் கண்டு ஒப்படைப்பதோடு அதன் பணி முடிகிறது. அவ்வாறு ஒப்படைக்கப்பெறும் நிரலையே ஆவணங்கள் ‘இன்டர்பிரிட்டர்’ என்கின்றன. அது என்ன செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஜாவா இயந்திரம் இடைநிலை ஆணைகளைப் படித்து நிறைவேற்றுகிறது. அடிக்கடி வரும் பகுதிகளைச் செயலியின் ஆணைகளாகவே மாற்றிவிடுகிறது. (கோப்பின் பெயரை விடுத்து வகுப்பின் பெயரையே அது கேட்பதால், இடையில் ஒரு சிறுநிரல் வேண்டியிருக்கிறது.) கியூஎமு ஒரு செயலியின் ஆணைகளை மற்றொரு செயலியின் ஆணைகளாகப் பெயர்க்கிறது. வைன் அவ்வாறு செய்வதில்லை. ஆணைகளைச் செயலியே நேராக நிறைவேற்ற, விண்டோஸின் நூலகச் செயற்கூறுகளுக்கு ஈடானவற்றை மட்டும் அது வழங்குகிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் மைக்ரோசாஃப்டின் அமைப்பிலும் 77, 90 பதிவு உண்டு. ஆங்கே ‘இன்டர்பிரிட்டர்’ என்பது வேண்டுகோளை விண்டோஸிடம் சேர்ப்பிக்கும் தூதன் மட்டுமே. எல்ஃப் கோப்புக்குள்ளேயே ‘இன்டர்பிரிட்டர்’ என்றொரு பகுதி உண்டு. அது சுட்டுவதோ நூலகங்களை நினைவகத்தில் ஏற்றி இணைக்கும் நிரலை.

இவை அனைத்தையும் ‘வரிமொழிமாற்றி’ என்றால் விளைவு நடைமுறையில் தெரியும். ஆர்ம் கணினி வைத்திருப்பவர், வைன் ஒரு மொழிமாற்றி எனப் படித்து, அதனை மட்டும் நிறுவி, இன்டெல்லுக்கான விண்டோஸ் நிரல் இயங்குமென எதிர்பார்ப்பார். அது இயங்காது; ஆணைகளைப் பெயர்க்கும் வேறொரு நிரலும் அங்குத் தேவை. பணியைக் குறியாமல் உறவை மட்டும் குறிக்கும் ‘ஏற்புநிரல்’ போன்ற ஒரு சொல்லே இவ்விடத்திற்குத் தக்கது. ‘வரிமொழிமாற்றி’ தன் பழைய பொருளிலேயே நிற்கலாம்.

கொடிகளைப் பற்றிய பகுதியில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. ‘எஃப்’ கொடி 2016இல் சேர்க்கப்பட்டது. அதனை இட்டால் ஏற்புநிரல் பதிவின்போதே திறக்கப்பட்டுவிடும். தன்னுள் அந்நிரல் இல்லாத தனிக் கோப்பகச் சூழலிலும் அயல் கோப்புகள் இயங்குவது இதனால்தான். ‘சி’ கொடி இடர் மிக்கது. இயல்பாகப் புதிய செயலாக்கத்தின் உரிமைகள் ஏற்புநிரலைக் கொண்டு கணிக்கப்படும். இக்கொடி இருப்பின் அயல் கோப்பைக் கொண்டு கணிக்கப்படும். உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்குமாறு குறியிடப்பட்ட, தலைமைப் பயனருக்குரிய கோப்பு ஒன்றை இயக்கினால், ஏற்புநிரல் முழுவதும் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு இயங்கும். ஏற்புநிரல், கோப்பு இரண்டையும் ‘நிரல்’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால், எதன் உரிமை எதற்குச் செல்கிறது என்பது தமிழில் தெரியாது. மூல ஆவணம் விடுக்கும் எச்சரிக்கை அத்தொடரோடு மறைந்துபோகும்.