ஒப்பந்தம் பேசுமிடத்தில் பெற்றோர்

விளையாட்டில் பெயர்பெறத் தொடங்கிய இளைஞரைத் தேடிக் காலணியும் உடையும் செய்யும் நிறுவனத்தார் வருவது இக்காலத்து வழக்கம். தம் பொருளை அணிந்து ஆடவும் விளம்பரத்தில் தோன்றவும் இசைந்தால் பணம் தருவதாக அவர்கள் கூறுவர். இதனை ஆதரவு ஒப்பந்தம் என்பர். இளையவரின் ஒப்பந்தத்தில் பெற்றோரும் கலந்துகொள்வர். அவ்விடத்து அவர்கள் தாமே செய்யத்தக்கது எது, பிறரிடம் விடத்தக்கது எது என்பதே கேள்வி.

இவ்வகை ஒப்பந்தங்களுள் பெரிதும் பேசப்படுவது, 1984இல் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரர் மைக்கேல் ஜோர்டான் நைக்கி நிறுவனத்தோடு செய்துகொண்டது. அப்பொழுது அவருக்கு வயது 21. கல்லூரியில் அணிந்தது கான்வர்ஸ் காலணி. மனம் விரும்பியதோ அடிடாஸ். நைக்கியாரின் பேச்சைக் கேட்கவும் அவருக்கு விருப்பமில்லை. அன்னையார் டெலோரிஸ் வட கரோலைனா மாநிலத்தில் வங்கியொன்றிற் பணியாற்றியவர். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நேரிற் சென்று கேட்டு வரவேண்டும் என்று மகனை வற்புறுத்தியவர் அவரே. 2020இல் வெளிவந்த ஆவணப்படத்தில் இச்செய்தி கூறப்பட்டுள்ளது. அதன் பின்னரே ஓரிகன் மாநிலத்திலுள்ள நைக்கி தலைமையகத்திற்கு அவர் பெற்றோரோடு சென்றார்.

பேரம் பேசியவர் டேவிட் பால்க் என்னும் முகவர். டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்காகப் பேசிப் பழகிய நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். டென்னிஸ்காரருக்குக் கிடைப்பதுபோல், குழுவில் ஆடும் ஒருவருக்கும் தம் பெயராலேயே தனிக் காலணி வேண்டும் என்று அவர் கேட்டார். 'ஏர் ஜோர்டான்' என்ற பெயரும் அவர் கூறியதே. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 இலட்சம் டாலர். அதன்மேல் விற்பனையிற் பங்கு. நான்காம் ஆண்டு முடிவிற்குள் 30 இலட்சம் டாலருக்கு விற்கும் என நைக்கியார் எதிர்பார்த்தனர் என்றும், முதலாண்டிலேயே 12 கோடியே 60 இலட்சம் டாலருக்கு விற்றது என்றும் பால்க் கூறியுள்ளார். ஆண்டுத் தொகையோடு நின்றிருந்தால் அவ்விற்பனையால் ஜோர்டானுக்கு ஒரு காசும் கூடுதலாக வந்திராது.

2023இல் வந்த 'ஏர்' என்னும் திரைப்படத்தில், விற்பனையிற் பங்கு வேண்டும் என்று அன்னையாரே தொலைபேசியிற் கேட்கிறார். காட்சி நன்று, ஆயினும் படத்தை வரலாறாகக் கொள்ளலாகாது. "போய்க் கேள்" என்று அதட்ட அன்னைக்கே இயலும். முகவர் சொன்னால் மகன் கேளான். பேரமோ வேறு தொழில். பிறருக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பது பெற்றோருக்குத் தெரியாது. பிள்ளையின் புகழ் கேட்டு உருகியிருப்பவர்க்கு, "இது போதாது" என்று எழுந்து வருவதும் அரிது. மேலும், தந்தைக்கு ஒரு வேலை, வீட்டிற்கு ஒரு கார் என்று நிறுவனத்தார் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அது பிள்ளைக்குரிய விலையிலிருந்து எடுத்துத் தருவதே என்பதை அக்கணத்திற் காண்பவர் சிலரே.

வறுமையிலும் அவ்வாறு எழுந்து வந்தோர் உளர். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் பள்ளி இறுதியாண்டு மாணவர், வயது 18. தாயார் குளோரியா அவரைத் தனித்து நின்று வளர்த்தவர். பிற நிறுவனங்களோடு பேசாமல் இசைந்தால் இப்பொழுதே பெறலாம் என்று ரீபாக் நிறுவனத் தலைவர் 1 கோடி டாலர் காசோலையை மேசைமேல் வைத்தாராம். ஜேம்ஸ் பின்னர்க் கூறியது இது. தாயாரும் முகவரும் உடனிருந்தனர். அதனை வாங்காது வந்து, மறுநாள் வழக்கம்போல் வகுப்பிற்குச் சென்றார். அவ்வாண்டு மே மாதம் நைக்கியோடு ஏழாண்டுகளுக்கு ஏறத்தாழ 9 கோடி டாலருக்கு உடன்பட்டார். "இன்றே முடிவு சொல்லுங்கள்" என்பது கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கும் பேச்சுத்தான். தொகை பெரிதானால் அது பேரம் என்பதே மறந்துபோகிறது.

ஜேம்ஸ் 18 நிரம்பியவர். நிரம்பாதவர்க்குச் சட்டமும் குறுக்கிடும். மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 நிரம்பினவரே வயது வந்தவர். இங்குள்ள 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியச் சட்டத்தைத் தழுவியது. இந்தியாவிலிருந்து சென்ற மோகரி பீபி வழக்கில், வயது வராதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என 1903இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. இந்நாட்டு நீதிமன்றங்களும் அதனையே பின்பற்றின. உபகாரச் சம்பள ஒப்பந்தத்திற்கு 1976இல் விலக்கு அளிக்கப்பட்டது. காலணி விளம்பரத்தை உபகாரச் சம்பளம் என்பதற்கில்லை. ஆகவேதான் பெற்றோரின் கையொப்பத்தை நிறுவனத்தார் கேட்கின்றனர்.

அக்கையொப்பம் பாதுகாவலர் என்ற முறையிலா, பிள்ளை ஆடத் தவறினால் பணத்தைத் திருப்பித் தரும் பிணையாளர் என்ற முறையிலா, பணம் பெறுவோர் என்ற முறையிலா? மூன்றும் வேறு வேறு. மூன்றாவதன் ஆபத்தைக் காட்டியது திரையுலகம். சாப்ளினோடு 1921இல் நடித்த சிறுவர் ஜாக்கி கூகன், தாம் ஈட்டிய பெரும்பொருளைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவிட்டமை அறிந்து 1938இல் வழக்குத் தொடுத்தார். கைக்கு வந்தது 1,26,000 டாலரே. அதன்பின் 1939இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றிற்று. இன்று அங்கே சிறுவர் நடிகரின் வருவாயில் 15 விழுக்காட்டை அவர் பெயரில் தனியே வைப்பாக இடுதல் வேண்டும். அத்தகைய விதியை, பெற்றோர் விரும்பினால், ஆதரவு ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லலாம்; எந்தக் கணக்கில், யார் பெயரில், எந்த வயதுவரை என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்ல வேண்டும்.