பஸ்ஸில் செல்வதா, காரை அழைப்பதா?

அமெரிக்க நாட்டின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே, வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கைப் பெருந்தோட்டம் ஒன்று உளது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பெற்ற அதன் பரப்பு ஏறத்தாழ 25,000 ஏக்கர். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்னும் நான்கு பெரும் பூங்காக்களும், பயணிகள் தங்கும் விடுதிகள் பலவும் அதனுள்ளே சிதறிக் கிடக்கின்றன. பலவற்றிற்கு இடையே மைல் கணக்கில் தூரம். ஆகவே, பல ஆண்டுகள் பணம் சேர்த்து அங்கே விடுமுறை கழிக்கச் செல்லும் குடும்பத்திற்குப் போக்குவரத்து என்பது சில்லறை விஷயம் அன்று.

விடுதியில் தங்குவோர்க்கு நிர்வாகமே பஸ் விடுகின்றது. அதற்குக் கட்டணம் இல்லை. அவ்வாறிருக்க, ஊபர், லிஃப்ட் முதலிய நிறுவனங்களின் கார்களைக் கைபேசி வழியே அழைத்துப் பணம் கொடுப்போர் ஏன்? காரணம் ஒன்றே: காத்திருத்தல்.

பஸ் 20 நிமிடத்திற்கு ஒன்று வருகின்றது எனக் கொள்வோம். சராசரியாக 10 நிமிடம் காத்திருந்தால் போதும் என்று நீங்கள் சொல்வீர்கள். பஸ்கள் கடிகாரம் போல வந்தால் அது சரியே. ஆனால் அவை ஒரு முறை 5 நிமிட இடைவெளியிலும், அடுத்த முறை 35 நிமிட இடைவெளியிலும் மாறி மாறி வருமாயின்? 40 நிமிடத்தில் இரண்டு பஸ். சராசரி இடைவெளி அதே 20தான். எனினும், நினைத்த நேரத்தில் நிறுத்தத்திற்கு வரும் ஒருவர் நீண்ட இடைவெளியில் அகப்பட்டுக்கொள்ள 40இல் 35 பங்கு வாய்ப்பு உண்டு. அங்கே சராசரிக் காத்திருப்பு பதினேழரை நிமிடம். குறுகிய இடைவெளியில் இரண்டரை நிமிடம். இரண்டையும் அவற்றின் பங்குப்படி கூட்டிப் பாருங்கள்: பதினைந்தரை நிமிடத்திற்குச் சற்று மேல் வரும். கணக்கு வாத்தியாரின் பழக்கம் எளிதில் போவதில்லை. ஆனால் பஸ் ஏன் எப்போதும் தாமதிப்பது போலத் தோன்றுகிறது என்பதற்கு இதனினும் நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பஸ்கள் பொதுவாக விடுதியிலிருந்து பூங்காவிற்கு ஓடுவன. ஒரு விடுதியில் தங்கியிருப்பவர் மற்றொரு விடுதிக்குக் காலை உணவுக்குச் செல்ல வேண்டுமாயின், முதலில் ஒரு பூங்காவிற்குச் சென்று, அங்கே வேறு பஸ் ஏறவேண்டும். காரில் பத்து நிமிடத்தில் முடியக்கூடிய பயணம் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். இத்தகைய வழிக்குக் காரை அழைப்பது வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். 2019இல் தொடங்கிய ஸ்கைலைனர் என்னும் கம்பித் தொட்டில் வண்டி சில விடுதிகளை எப்காட்டோடும் ஹாலிவுட் ஸ்டூடியோஸோடும் இணைக்கின்றது. ஆனால் இடி மின்னல் வந்தால் நின்றுவிடும். ஃப்ளோரிடாவின் கோடைப் பிற்பகல்களில் இடி மின்னல் அரிதன்று.

ஆயினும், எங்கும் காரே முந்தும் என எண்ணிவிடலாகாது. மேஜிக் கிங்டம் இதற்கு விலக்கு. ஊபர் கார் அப்பூங்காவின் வாயில் வரை செல்வதில்லை; ஏரிக்கு இப்பாலுள்ள போக்குவரத்து நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து மோனோரயிலிலோ படகிலோ மறுபடியும் ஏறவேண்டும். விடுதியின் பஸ்ஸோ வாயிலருகிலேயே கொண்டுபோய் விடும்! நிர்வாகத்தின் சார்பில் 2017 முதல் ஓடத் தொடங்கிய, இடையில் நிறுத்தப்பட்டு 2022இல் மீண்டும் வந்த, சிவப்பில் வெள்ளைப் புள்ளியிட்ட மின்னி வேன்கள் வாயிலருகே செல்லும் எனினும், அவற்றின் கட்டணம் மிகுதி.

குழந்தைகளோடு செல்வோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும். காரில் சிறு குழந்தைக்குத் தனி இருக்கை தேவை. அதை நாள் முழுதும் சுமந்து திரிவது எளிதா? பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. குழந்தை வண்டியை மடித்தால் போதும்.

பொதுநலக் கணக்கு ஒன்றும் இருக்கின்றது. நாற்பது பேர் ஏறும் ஒரு பஸ்ஸை விட்டு, நால்வர் நால்வராகக் காரில் சென்றால் சாலையில் பத்து வண்டிகள். அடுத்த பயணியைத் தேடி வெறுமையாக ஓடும் ஓட்டம் வேறு. சான் பிரான்சிஸ்கோ நகரைப் பற்றி 2019இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, 2010க்கும் 2016க்கும் இடையே வார நாட்களில் நெரிசலால் வண்டிகள் இழந்த நேரம் 62 சதவீதம் பெருகியது. இத்தகைய கார்கள் இல்லாதிருப்பின் 22 சதவீதமே பெருகியிருக்கும் என அவ்வாராய்ச்சி கணித்தது.

இந்நெரிசலைக் கண்கூடாகக் காணவேண்டின், இரவு வாணவேடிக்கை முடியும் வேளையில் பூங்காவின் வாயிலில் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வெளிவருவர். பஸ் வரிசை வளைந்து வளைந்து நீளும். வரிசையைக் கண்டு மருண்டவர்கள் கைபேசியை எடுப்பர். இந்நிறுவனங்களின் கட்டணம் நிலையானது அன்று. அழைப்போர் பெருகினால் விலையும் ஏறும். வரும் காரும் அதே நெரிசலில்தான் ஊர்ந்து வரவேண்டும். இதை அறிந்த சிலர் வெளியே விரைவதில்லை. உள்ளே இன்னும் திறந்திருக்கும் கடைகளில் அரைமணி நேரம் உலவுகின்றனர். அதற்குள் பெரும்பாலும் பஸ் வரிசையும் குறைந்துவிடும். கார்க் கட்டணமும் இறங்கிவிடும்.