கூரையில்லாத தேவாலயத்தில் நமக்கும் ஒரு கதை

விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து மலாக்கா போகிற நாம், செயின்ட் பால் குன்றில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். மேலே கூரையின்றி நிற்கும் தேவாலயம், 1521-இல் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயமாகத் தொடங்கியது. 1641-இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1753-இல் கீழே கிறிஸ்து ஆலயத்தைக் கட்டி முடித்ததும் இதைக் கைவிட்டனர். பின்னர் ஆங்கிலேயர் இதில் வெடிமருந்து வைத்தனர்.

உள்ளே, கம்பி வலையிட்ட குழியைப் பாருங்கள். புனித சவேரியாரின் உடல் 1553-இல் சில மாதங்கள் அங்கேதான் இருந்தது. பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். மலாக்கா வருவதற்கு முன்பு, 1542 முதல், தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிக்கும் பரதவரிடையே பணியாற்றியவர் அவர். அன்றே மலாக்காத் துறையில் தமிழ் வணிகர்களும் இருந்தார்கள்.

நம் மலாயாக் கதை ரப்பர் தோட்டத்தில் தொடங்கியதல்ல. அடுத்த முறை, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.