வளையத்தின் சுருதி மாறினால் நோய் தெரியும்

ஊசியால் குத்தாமலே சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பலாமா என்று எங்களிடம் பலரும் கேட்கின்றனர். அத்தகைய கருவிகளுக்காக ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்க்கப்படும் வழிகளுள் ஒன்று மெட்டாமெட்டீரியல். இதனை மீப்பொருள் எனலாம்.

மீப்பொருளின் இயல்பு, அது எதனால் ஆனது என்பதைவிட எவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்தது. சிறு பிளவுடைய உலோக வளையங்களை, மின்காந்த அலையின் நீளத்தினும் சிறியனவாக, ஒரு தகட்டில் வரிசையாகப் பதிக்கின்றனர். இவ்வளையத்தை ஜான் பெண்ட்ரி குழுவினர் 1999இல் முன்மொழிந்தனர். (அதற்கு நூறாண்டு முன்னரே, 1898இல், ஜகதீச சந்திர போஸ் முறுக்கிய சணலைக் கொண்டு மின்னலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிக் காட்டினார் என்பது நமக்குப் பெருமை.)

மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பினால் நாதம் தாழ்கிறதன்றோ? வளையத்தின் பிளவில் ஏதேனும் ஒட்டினால் அதன் அதிர்வெண்ணும் அவ்வாறே தாழும். தாழ்ந்த அளவைக் கொண்டு ஒட்டியதன் அளவை அறியலாம். ஒட்டியது இன்னதென்று வளையத்திற்குத் தெரியாது. ஆகவே தேடும் பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை முன்னதாகவே அதன்மீது பூசுகின்றனர். 2009இல், தங்க நுண்கம்பிகளாலான மீப்பொருள் ஒன்று, பயோட்டின் என்னும் மிகச் சிறிய உயிர்ச்சத்து மூலக்கூறு ஒட்டியதையும் உணர்ந்து காட்டியது.

எனினும் ஆய்வுக்கூடத்துத் தூய கரைசல் வேறு, இரத்தம் வேறு. இரத்தத்திலுள்ள பிற புரதங்களும் பரப்பில் படிந்து பொய்க்குறி காட்டும். உடலில் நிறைந்துள்ள நீர் டெராஹெர்ட்ஸ் அலைகளை விழுங்கிவிடும். வெப்பநிலை சற்று மாறினாலும் சுருதி பிசகும். தோலுக்கு வெளியிலிருந்து அளப்பது இன்னும் கடினம்.

தோலைத் துளைக்காமல் தாமாகவே சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்கடியில் நுண்ணிழையைச் செலுத்தித் தொடர்ந்து அளக்கும் கருவிகள் வேறு வகை. அவற்றுள் அனுமதி பெற்றவை உண்டு. கடிகாரம் காட்டும் தவறான எண்ணை நம்பி இன்சுலின் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நினைவிழக்கவும் நேரிடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் அத்தகைய கடிகாரம் இருப்பின், அதன் எண்ணைக் கொண்டு மருந்தளவை மாற்றாதீர்கள். விரல்நுனிச் சோதனையைத் தொடருங்கள். அடுத்த முறை வரும்போது அளவுக் குறிப்பேட்டுடன் அக்கடிகாரத்தையும் எடுத்து வாருங்கள்.